நாற்பது மூட்டை மல்லாட்டை

"இன்னிக்கு லாக்ல ஒரு வரி கூட இல்லம்மா! நாலு மணிக்கு அரங்கநாதன் ஐயா வர்றாரு!" என்று பதறினார் முதலாளி சவுரிராயன்.

"அஞ்சு நிமிஷம் சார்," என்றாள் இளவரசி. அந்தத் திண்டிவனம் ஆபீசில் அவளுடைய அஞ்சு நிமிஷம் ரொம்பப் பிரபலம். சில நாள் அது சாயங்காலம் வரை நீளும்.

அரங்கநாதனின் விழுப்புரம் மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடும் சாஃப்ட்வேரை எழுதியவள் அவள்தான். போன வாரம்தான் பொருத்தினார்கள். தராசில் மூட்டை ஏறும்போதெல்லாம், லாக் என்கிற பதிவேட்டை எழுதும் லைப்ரரி, அதாவது அதற்கென்றே கிடைக்கும் ரெடிமேட் நிரல், நேரம் போட்டு ஒரு வரி பதியும். மூட்டைகள் காணாமல் போகிற மண்டி என்பதால் அரங்கநாதன் கேட்டதே அதைத்தான். அவர் திருப்திப்பட்டால் அவருடைய வானூர் மண்டி வேலையும் இவர்களுக்கே; இல்லாவிட்டால் சென்னைக் கம்பெனிக்குப் போய்விடும்.

"முக்கியமானத மட்டும் எழுதிக்கினு மத்தத வுட்டுடுது சார். எல்லாத்தையும் எழுதுன்னு சொல்லிட்டேன்."

எழுதித் தள்ளியது. 'நலமாக இருக்கிறேன்' என்று நொடிக்கு ஆயிரம் வரி. மதியத்துக்குள் சர்வரில் இடம் தீர்ந்து, எடை சாஃப்ட்வேரே நின்றுபோனது.

"பேஜாரா பூச்சே! மண்டியில கத்துவாங்களே!"

"ஒரு போனாவது வந்துச்சா சார்? நின்னதே அவங்களுக்குத் தெரியல," என்றாள் பெருமையாக.

இடம் காலியாகட்டும் என்று லாக் ஃபைலை அழித்தாள். லைப்ரரியோ அழித்த ஃபைலையே பிடித்துக்கொண்டு அதிலேயே எழுதிக்கொண்டிருந்தது. லைப்ரரியைக் கழற்றி எறிந்து பழையதை மாட்டினாள். அம்மா கட்டிக் கொடுத்த வடையையும் பாயசத்தையும், என்ன விசேஷம் என்று கூட யோசிக்காமல் விழுங்கிவிட்டு, சோதனைக்காகத் தன் மேசையிலிருந்தே நாற்பது கற்பனை மூட்டையை எடை போட்டு அனுப்பினாள்.

நாற்பது வரியும் டாண் டாணென்று விழுந்தன.

"பாத்தீங்களா சார்! இருங்க, அத அழிச்சிட்டு..."

வாசலில் கார் நின்றது.

"வுடும்மா, இருக்கட்டும்," என்று கிசுகிசுத்தார் சவுரிராயன். "வெறும் பக்கத்தக் காட்டறதுக்கு இது எவ்வளவோ தேவல."

இளவரசிக்கும் உறுத்தவில்லை. காலையிலிருந்து நிஜமாகவே அவ்வளவு மூட்டையாவது ஏறியிருக்கும் என்று அவளுக்கு நம்பிக்கை.

அரங்கநாதன் டிரைவர் பெரியசாமியோடு உள்ளே வந்தார்.

"இன்னிக்குச் சும்மாத்தான் இருந்தேன், அதான் நானே வந்துட்டேன். எங்க, காட்டும்மா."

திரையைப் பார்த்தவரின் முகம் வெளுத்தது.

"நாப்பது மூட்டையா? இன்னிக்கா?"

"ஒண்ணு கூட வுடல ஐயா," என்றாள் இளவரசி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

பெரியசாமி எட்டிப் பார்த்தார்.

"ஐயா, இன்னிக்கு அமாவாசைங்களே! ஆளுங்க எல்லாரும் மேல்மலையனூர் கோயிலுக்குப் பூட்டாங்க, மண்டி சாவி உங்க ஜோபியிலதான கீது?"