கல்வெட்டர் கொப்பியில் என் பெயர்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எட்டு நாள் தயங்கினேன். உயிரோடு இருக்கிறவரைப் பற்றி இப்படி எழுதினால் ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். பிள்ளையார் முன்னால் பூக்கட்டிப் பார்த்தேன்; அவரும் பிடிகொடுக்கவில்லை.

பாரிசில் விசா இல்லாதவன்கூடப் போலீசைக் கண்டு ஓடாமல் நிற்பான். எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் கல்வெட்டரைக் கண்டு ஓடாத தமிழன் கிடையாது.

கல்வெட்டு என்பது எங்கள் ஆட்கள் செத்தவரின் முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகம். அவர் பிறந்தது, வாழ்ந்தது, மனைவி புலம்புவது எல்லாம் பாட்டாக இருக்கும். உணவகத்தில் கோப்பை கழுவும் கல்வெட்டர்தான் அதை எழுதிக் கொடுப்பார். பிரச்சினை என்னவென்றால், ஆள் சாகுமுன்பே விவரம் சேர்க்கத் தொடங்கிவிடுவார்.

"செத்தாப்பிறகு வந்து, 'அண்ணை, எழுதித் தாங்கோ' எண்டால் என்னத்தை எழுதுறது? ஆளிலை ஒரு பாசம் ஊற வேண்டாமோ? பாசமில்லாமல் எழுதினால் அது கடைக்குச் சாமான் எழுதிக் குடுக்கிற துண்டு" என்பார்.

ஒருநாள் முருங்கைக்காய் வாங்க வந்தவர், மரக்கறிக் கடைக்காரரைப் பார்த்து, "சின்னனிலை நீர் கிணத்துக்கை விழுந்ததெண்டு கேள்விப்பட்டன், உண்மையோ?" என்று விவரம் எழுதும் கொப்பியைத் திறந்தார். கடைக்காரர் கடையைப் பூட்டிவிட்டு நேரே இரத்தப் பரிசோதனைக்குப் போனார்.

பிறகு என் முறை. நெஞ்சைத் திறந்து ஆப்பரேஷன் என்றார்கள். திரான்சியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து கொண்டுபோன விபூதியைப் பூசிக்கொண்டு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் முருகா, முருகா என்று கிடக்கிறேன். கதவு திறந்தது. கல்வெட்டர்! கையில் கொப்பி. பக்கத்து மெஷின் கீ கீ என்று கத்தியது.

"புட்டோ இடியப்பமோ, உமக்கு எது விருப்பம்?"

மனைவி பாய்ந்தாள். "அண்ணை, கொப்பியை மூடுங்கோ! இவர் இன்னும் இருக்கிறார்!"

"அதுதானே தங்கச்சி கேக்கிறன். பிறகு கேக்கேலுமோ?"

"புட்டு" என்றேன் மெல்ல. பதில் சொல்லாமல் கிடக்கவும் பயம், பொய் சொல்லிவிட்டுச் சாகவும் பயம்.

கடவுள் கண் திறந்தார், நானும் திறந்தேன். மனைவிக்குப் பக்கத்தில் நாலு நாள் தாடியோடு கல்வெட்டர். கொப்பியைக் காட்டச் சொன்னேன். மேலே என் பெயர். கீழே 'புட்டு'. அவ்வளவுதான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏன் அண்ணை, என்னைப் பற்றி எழுத ஒண்டுமே இல்லையோ?"

"விசரா! எழுதினால் போயிடுவாயோ எண்டு பயமாக் கிடந்தது. பேனை நகரேல்லை."

இப்போது அவர் அதே ஆஸ்பத்திரியில். ஆப்பரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார்கள். "நீர் என்னைப் பற்றி எழுதும். நான் இருக்கேக்கையே வாசிச்சுப் பிழை திருத்தவேணும்" என்று கட்டளை. இதோ, எழுதுகிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். பிழை நிறைய இருக்கும். எல்லாவற்றையும் அவரே எழும்பி வந்து திருத்தவேண்டும் என்று பிள்ளையாரை மன்றாடுகிறேன்.

எங்கள் தெருவில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், செய்தி அடுத்த மெட்ரோ நிலையமான ஸ்டாலின்கிராட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆளை முடித்துவிடுவார்கள். ஆகவே உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்: இதை யாருக்குச் சொன்னாலும் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள். கல்வெட்டர் இருக்கிறார். அவருக்கு இடியப்பம்தான் விருப்பம், கேட்டுவிட்டேன்.