சூடேறாத மோட்டார்

புது மோட்டார் பொருத்தி ஒரு நாள் ஆகியும் ஆலையின் கரண்டு மீட்டர் முள் இறங்கவில்லை. ஏறியிருந்தது.

ரிஃபாத் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். மஹல்லா நூற்பாலையில் ஒன்பது வருஷமாகப் பராமரிப்பு இஞ்சினியராகக் குப்பை கொட்டுகிறவன், மீட்டர் பார்க்கத் தெரியாதவனா? ஏறித்தான் இருந்தது.

ஆலையின் பழைய மோட்டார்கள் நாலைந்து தடவை சுருள் மாற்றிக் கட்டியவை. அனலாய்க் கொதிக்கும், கரண்டைக் குடித்துத் தீர்க்கும், திடீரென்று படுத்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக மாற்றிவிட்டால் நிம்மதி என்று ஆறு மாசம் நச்சரித்து முதலாளி ஹாஜி ஷவ்கியிடம் அவன் அனுமதி வாங்கியிருந்தான்.

"வியாழக்கிழமை நானே வந்து மீட்டரைப் பார்ப்பேன். இறங்கலேன்னா, சிவா பாலைவனத்துல என் உப்புக் கிடங்கு இருக்கு, அங்கே போய் உட்காரு. அங்கே மோட்டாரே கிடையாது. கழுதைதான்" என்று சொல்லியிருந்தார் ஹாஜி.

ரிஃபாத்தின் மனைவியோ, "நீ மட்டும் போ, கழுதைக்குத் துணையா" என்று சொல்லிவிட்டாள்.

முந்தின நாள், மோட்டாரை மாற்றிய கையோடு ஜெய்ன்ஹும் சித்தப்பா வந்து நின்றிருந்தார். ஆலையில் எல்லோருக்கும் சித்தப்பா; காலைச் சாப்பாடாக ஃபூல் என்னும் மொச்சை போடுகிறவர். இருபது வருஷமாக அவர் பானை வெந்தது காற்றாடி அறையில் ரிஃபாத் கழற்றிய அந்தப் பழைய மோட்டாரின் முதுகில்தான்.

"தம்பி, உன் புது மோட்டார் சில்லுனு கிடக்குது. மொச்சை கல்லு கல்லா இருக்கு. நூறு பேரும் சேர்ந்து என்னையே கடிச்சுத் தின்னப் போறாங்க."

"சில்லுனு இருந்தாத்தான் சித்தப்பா நல்ல மோட்டார். சூடுன்னா வீணாப் போற கரண்டு."

"நூறு வயித்துக்குப் போனது வீணா?"

"ஐயோ, உங்க மொச்சையை நீங்க பாத்துக்குங்க, என் வேலையை நான் பாத்துக்கறேன்!" என்று கத்திவிட்டு, கதவோரம் கிடந்த பழைய மோட்டாரைக் காட்டி எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னான்: "அந்தச் சனியனை என் கண்ணுல படாம எங்கேயாவது கொண்டு போங்க!"

இன்றோ மொச்சை பஞ்சாக வெந்திருந்தது. ரிஃபாத் ரொட்டியால் தட்டை வழித்துத் தின்றுவிட்டு மறுபடி மீட்டரைப் பார்க்கப் போனான். இன்னும் ஏறியிருந்தது.

பெல்ட்டைத் தளர்த்தினான், இறுக்கினான். தண்டு நேராக இருக்கிறதா என்று தரையில் படுத்துப் பார்த்தான். கிரீஸ் போட்டான். புது மோட்டார் இழுக்கிற கரண்டை அளந்தால் பழையதைவிட நன்றாகக் குறைவு. ஆலை மொத்தமும் பார்த்தால் அதிகம். இது என்னடா கூத்து என்று தலையைப் பிய்த்துக்கொண்டான்.

"ஒண்ணு போதாது, இன்னொண்ணும் மாத்தணும்" என்று முடிவு செய்தான்.

"மாத்து ராசா, மாத்து! நல்ல காரியத்தைத் தள்ளிப் போடாதே" என்றார் ஜெய்ன்ஹும்.

இவருக்கு எப்போது இந்த ஞானோதயம் வந்தது என்று ரிஃபாத்துக்கு ஆச்சரியம். ஆனாலும் ஒரு ஆள் பாராட்டுகிறாரே! திங்கட்கிழமை இரண்டாவதை மாற்றினான். மீட்டர் எகிறியது. பயந்துபோய் செவ்வாய்க்கிழமை மூன்றாவதை மாற்றினான். மீட்டர் பறந்தது. மீட்டரே பொய் சொல்கிறது என்று ஆள் கூப்பிட்டுச் சோதித்தான். வந்தவர் ஒரு தட்டு மொச்சை சாப்பிட்டுவிட்டு, "மீட்டர் பிரமாதம், மொச்சை அதைவிடப் பிரமாதம்" என்று சொல்லிப் போனார்.

புதன்கிழமை நாலாவதும் மாறியது. அதோடு விடாமல் ஆலையின் பாதி விளக்குகளையும் மின்விசிறிகளையும் அணைத்தான். வியர்த்துக் கொட்டிய தொழிலாளிகள் அவன் வம்சத்தையே வாழ்த்தினார்கள். ஜெய்ன்ஹும் மட்டும் அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இப்போதெல்லாம் அவருடைய மொச்சைக்கு வாசலுக்கு வெளியே தெருக்காரர்களும் வரிசை கட்டினார்கள்.

வியாழன் காலை ஹாஜி வந்தார். மீட்டரைப் பார்த்தார். ரிஃபாத்தைப் பார்த்தார். மறுபடி மீட்டரைப் பார்த்தார்.

"நாலு மோட்டார் மாத்தியிருக்கே. ஒவ்வொண்ணுக்கும் ஒரு படி ஏறியிருக்கு. எப்படிய்யா?"

"தெரியலை ஹாஜி! சத்தியமா தெரியலை! நாலும் குறைவாத்தான் இழுக்குது. ஒரே ஒரு வாய்ப்பு குடுங்க, அஞ்சாவதையும் மாத்திடறேன்..."

"கழுதைக்குப் பேரு புர்த்துகால். பாசமா இருக்கும். நாளைக்கே கிளம்பு."

ரிஃபாத் அழுதே விட்டான். அந்த நேரத்தில் ஜெய்ன்ஹும் ஆவி பறக்கும் தட்டோடு வந்து ஹாஜி முன்னால் வைத்தார். கோபத்தோடு ஒரு வாய் வைத்த ஹாஜி, கண்ணை மூடிக்கொண்டார்.

"அடேயப்பா! இருபது வருஷமா சாப்பிடறேன், இப்படி வெந்ததில்லையே. என்னய்யா பண்ணினே?"

"எல்லாம் நம்ம இஞ்சினியர் தம்பி புண்ணியம், ஹாஜி" என்றார் ஜெய்ன்ஹும் பெருமையாக. "முன்னாடி இருந்தது ஒரே மோட்டாரு, அதுவும் மில்லு ஓடற நேரம்தான் சூடாகும். இப்ப அவர் கழட்டிப் போட்ட நாலையும் நம்ம மில்லு லைன்லயே மாட்டி, சுவத்துக்குப் பின்னாடி ராப்பகலா பானைக்குன்னே ஓட்டறேன். அஞ்சாவதை எப்பக் கழட்டறே தம்பி?"