மூன்றாவது துண்டு

வாய் கொழுத்தவனிடம் மைக்கைக் கொடுக்கக் கூடாது. எங்கள் நாமக்கல் சபையில் என்னிடம் கொடுத்தார்கள். போதாததற்கு வரவேற்புக் குழுவின் தலைவர் என்ற பட்டம் வேறு. (குழு என்றால் நானும், ஆராதனைக்குப் பிறகு கொடுக்கக் கேசரி கிளறும் என் மனைவி ஸ்டெல்லாவும். அவ்வளவுதான்.)

வேலை சுலபம். ஞாயிறு காலை வாசலில் நின்று புதிதாக வருகிறவரைப் பிடித்து உட்கார வைக்க வேண்டும். ஆராதனை நடுவில் அவரை எழுப்பிச் சால்வை போட வேண்டும். சால்வை என்பது மரியாதைக்கு. ஜலகண்டாபுரத்திலிருந்து கட்டாக வாங்கி வைத்த துண்டுதான் அது. சபை கைதட்டிப் பாடும், வந்தவர் நெளிவார், உட்காருவார். அதோடு என் கடமை முடிந்தது என்று அடுத்த ஆளைத் தேடப் போய்விடுவேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது எங்கள் போதகர், வருகிற மாதக் கடைசி ஞாயிறு ஆளுக்கு ஒருவரையாவது அழைத்து வர வேண்டும், கூட்டி வந்தவரே எழுந்து அறிமுகம் செய்ய வேண்டும் என்று அறிவித்தார். நான் சும்மா இருந்திருக்கலாம். மைக்கை வாங்கி, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை பேச நமக்கு என்ன கேடு, நாக்கில் என்ன சுளுக்கா என்று இருபது நிமிடம் எல்லோரையும் வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

சுளுக்கு எனக்குத்தான். என்னுடையது லாரி உதிரிபாகக் கடை. பேரிங் கேட்டு வருகிறவரிடம் எந்த இடத்தில் சபைப் பேச்சை நுழைப்பது? மென்று முழுங்கி நாலு பேரிடம் சொல்லிவிட்டேன். நாலு பேரும் முகமெல்லாம் சிரிப்பாக “வாரேனுங்க” என்றார்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் அவ்வளவு சிரித்துக்கொண்டு அப்படிச் சொன்னால் வர மாட்டார் என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். நான் நம்பினேன்.

அந்த ஞாயிறும் வந்தது. நாலு பேரில் ஒருவர்கூட வரவில்லை. சபையைப் பெருக்கும் மேரியக்கா இரண்டு பேரைக் கூட்டி வந்து, “உங்க ஆளு எங்கீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனார். அத்தனை பேரையும் திட்டித் தீர்த்த நான் வெறுங்கையோடு எழுந்து நிற்க வேண்டும். வாசலுக்கும் கேட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தேன்.

முதல் பாட்டு முடிகிற நேரத்தில், கேட்டுக்குப் பக்கத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், உள்ளே வருவதா வேண்டாமா என்று நின்றுகொண்டிருந்தார். விடுவேனா? ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஏனுங்கண்ணா, நான் வந்துங்க...” என்று ஆரம்பித்தார். தயங்கவே வேண்டாம், உங்கள் வீடு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள் என்று முதல் வரிசைக்கு இழுத்துப் போனேன். மறுபடி வாய் திறந்தார். பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு கையில் பாட்டுப் புத்தகத்தைத் திணித்தேன். (அந்த மனிதரை ஒரு நிமிடம் பேச விட்டிருந்தால் என் மானம் தப்பியிருக்கும்.)

என் முறை வந்தது. “இவர் என் நண்பர் செல்வராஜ். பல நாள் ஜெபித்து, பேசி, இன்றைக்குக் கூட்டி வந்திருக்கிறேன்” என்று ஆலயத்துக்குள் நின்று கூசாமல் புளுகினேன். துண்டைப் போர்த்தினேன். கைதட்டல் ஓய்ந்ததும் போதகர் அவரிடம் மைக்கைக் கொடுத்து இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்.

“எல்லாருக்கும் தோத்திரமுங்க. லாரி பாடி கட்டற பட்டறையில வெல்டருங்க நான். மூணு வருசமா இங்கதான் வாரேனுங்க, கடைசி பெஞ்சுல உக்காருவேனுங்க. இந்த அண்ணன் எனக்குத் துண்டு போடறது இது மூணாவது தடவைங்க.”

சபை கொல்லென்று சிரித்தது. ஸ்டெல்லா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அப்படியே தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. செல்வராஜ் மட்டும் சிரிக்கவில்லை. தோள் பையைத் திறந்துகொண்டே மெதுவாகச் சொன்னார்.

“மகளுக்குக் கல்யாணமுங்க, பரமத்தி வேலூர்ல. உங்களுக்கெல்லாம் பத்திரிகை வெக்கலாம்னு வந்தேனுங்க. கவர்ல பேரு எழுதோணுமுங்களே. உக்காந்து யோசிச்சா, இங்க ஒருத்தர் பேரும் எனக்குத் தெரியலீங்க. அதான் உள்ள வரவா வேண்டாமான்னு நின்னுட்டிருந்தேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். மூன்று துண்டு போட்டிருக்கிறேன், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு தடவை கேட்டதில்லை. என்னைப் போல ஒரு வெட்கங்கெட்டவன் ஜில்லாவிலேயே இருக்க முடியாது.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் எழுதிட்டேனுங்க. என்ற கிட்டப் பேசுனது இவர் ஒருத்தர்தானுங்களே” என்று என் கையில் ஒரு கவரைக் கொடுத்தார். மஞ்சள் தடவிய கவரில் நீல மையில் ‘துண்டு போடும் அண்ணன், குடும்பத்துடன்’ என்று எழுதியிருந்தது.

அன்றைக்குக் கேசரி ஆறிக் கட்டியானதுதான் மிச்சம், யாரும் அதன் பக்கம் போகவில்லை. ஒவ்வொருவராகச் செல்வராஜிடம் போய்த் தன் பெயரைச் சொல்லி எழுதச் சொன்னார்கள். கல்யாணத்துக்கு இரண்டு வேன் பிடித்துப் போனோம்.

இப்போது வாசலில் நின்று ஆட்களிடம் பேசுவது செல்வராஜ்தான். என்னிடம் துண்டுக் கட்டை மட்டும் விட்டு வைத்திருக்கிறார்கள். அது போகட்டும், வீட்டில்தான் நிம்மதி இல்லை. ஸ்டெல்லா எதையோ கேட்க, நான் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல் ‘ம்’ கொட்டினால் போதும்; என் மகள் கொடியில் கிடக்கும் துண்டை எடுத்து அம்மாவின் தோளில் போர்த்தி, என் முன்னால் கொண்டு வந்து நிறுத்துகிறாள். “அப்பா, இவங்க புதுசா வந்திருக்காங்க. பேரு கேட்டு வெச்சுக்குங்க.”