முப்பது வருஷத்துத் தேன் நிறம்

நீதிபதி ஃபெரிதுனின் புகையிலைச் சுங்கான் லேத்தின் தாடைகளுக்கு நடுவே இரண்டு துண்டாகிக் கிடந்தது. லேத்து மேஸ்திரி செலாமி உஸ்தா உடனே மோட்டாரை அணைத்தார். அணைத்து ஆகப்போவது ஒன்றுமில்லைதான். ஆனால் முப்பத்தோரு வருஷம் ரயில் பணிமனையில் லேத்து ஓட்டியவருக்கு, ஏதாவது விபரீதம் என்றால் கை முதலில் சுவிட்சுக்குத்தான் போகும்.

வேலை என்னவோ அற்ப வேலை. வாய்க்குழல் செருகும் துளை தளர்ந்துவிட்டது, சரிசெய்து கொடுங்கள் என்று நீதிபதி கொடுத்துவிட்டுப் போயிருந்தார். உஸ்தா ரயில் அச்சைப் பிடிக்கிற நினைப்பில் தாடையை ஒரு திருகு கூடுதலாக முடுக்கிவிட்டார். இரும்பாக இருந்தால் தாங்கியிருக்கும். எஸ்கிசெஹிர் ஊர் மண்ணுக்கடியிலிருந்து சுங்கானுக்கென்று எடுக்கிற வெள்ளைக் கல் அவ்வளவு தாங்காது.

வேறு யாருடைய சுங்கானாக இருந்தாலும் மன்னிப்புக் கேட்டுப் புதிதாக ஒன்று கடைந்து கொடுத்துவிடலாம். ஆனால் அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை உஸ்தாவின் மகள் பெரினைப் பெண் கேட்டு வரப்போகிறவரும் இதே நீதிபதிதான். பெரினும் நீதிபதியின் மகனும் நான்கு வருஷமாக ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். அதில் மூன்று வருஷம் நீதிபதி சம்மதிப்பதற்கே போய்விட்டது. சுங்கானைக் கொடுக்கும்போதுகூட அவர் சும்மா கொடுக்கவில்லை.

"முப்பது வருஷமா இதுல குடிக்கிறேன் உஸ்தா. வாங்கறப்ப பால் வெள்ளை, இப்ப பாருங்க, தேன் நிறம். அவசரக்காரன் கையில இந்த நிறம் வராது. பொருளைப் பத்திரமா வச்சுக்கத் தெரியாத வீட்டுல நான் சம்பந்தம் பண்றதில்ல."

அந்தச் சுங்கானை ஊரே அறியும். வெள்ளைக் கல் புகையைக் குடித்துக் குடித்துத்தான் நிறம் மாறும். நல்ல தேன் நிறத்துக்கு ஒரு ஆயுளில் பாதி வேண்டும் என்பார்கள். நீதிபதி தீர்ப்புச் சொல்லும் முன் அதைப் பற்றவைக்காமல் வாயில் வைத்து ஒரு நிமிஷம் யோசிப்பாராம். ஓய்வு பெற்ற பிறகும் கல்யாணம், சாவு எங்கே போனாலும் கையில் அது இருக்கும். அடுத்தவர் முன்னால் ஒருநாளும் பற்றவைத்ததில்லை. என்ன நாகரிகம் என்று ஊரார் மெச்சிக்கொண்டார்கள்.

உஸ்தா கதவைத் தாழ் போட்டார். அவருடைய பட்டறை என்பது அடுக்குமாடி வீட்டின் பின்பக்க பால்கனிதான். துணி காயப்போடும் கொடிக்குக் கீழே லேத்து, அதற்குப் பக்கத்தில் ஊறுகாய் ஜாடிகள். வாய்க்குழலுக்கு நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. அதன் இடது ஓரத்தில் இருந்த பல் தடம்கூட அப்படியே இருந்தது. ஆகவே புகையிலைக் கிண்ணத்தை மட்டும் புதிதாகக் கடைந்தால் போதும். உடைந்த துண்டுகளை வெர்னியர் அளவுகோலால் அளந்து, இருப்பதிலேயே நல்ல கல்லாகப் பொறுக்கி, நான்கே நாளில் அச்சு அசலாக ஒன்றைக் கடைந்து முடித்தார். அளவு, வளைவு, கனம் எல்லாம் அதேதான். நிறம்தான் மணப்பெண்ணின் உடையைப் போல வெள்ளை வெளேரென்று இருந்தது.

முதலில் தேநீர் வைத்தியம் பார்த்தார். மனைவி மெலாஹத் சந்தைக்குப் போன நேரத்தில் அவளுடைய தேநீர்ப் பாத்திரத்தில் இலையைக் கொட்டிச் சுங்கானை இரண்டு மணி நேரம் கொதிக்கவைத்தார். வெளியே எடுத்தபோது அதற்கு மஞ்சள் காமாலை வந்திருந்தது, அதுவும் திட்டுத் திட்டாக. அன்று மாலைத் தேநீரை ஒரு வாய் குடித்த மெலாஹத், பாத்திரத்தை முகர்ந்து பார்த்துவிட்டுக் குப்பையில் போட்டாள். உஸ்தா உப்புத்தாளை எடுத்துக் காமாலையைத் தேய்த்தார்.

வேறு வழியில்லை, குடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து மருத்துவமனையில் படுத்திருந்தபோது, மெலாஹத்தின் கையைப் பிடித்துக்கொண்டு இனி புகையைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்திருந்தார். மகளுக்காகச் சத்தியத்தை ஒரு மூன்று வாரம் ஒத்திவைக்கலாம் என்று முடிவு செய்தார். லேத்தைச் சும்மா ஓடவிட்டு அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிள் மணப் புகையிலையை ஊதினார். என்ன புகை என்று கேட்டதற்கு மோட்டார் சூடாகிறது என்றார். அக்கறையுள்ள மனைவி எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். வந்தவன் மோட்டாரைப் பிரித்துப் பார்த்து, ஒரு கோளாறும் இல்லை, எதற்கும் இருக்கட்டும் என்று பெல்ட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் லேத்து ஓடவில்லை, புகை மட்டும் வந்தது.

"மோட்டார் எரிஞ்சா ஆப்பிள் வாசனை வருமா செலாமி?" என்றாள் மெலாஹத், கதவில் சாய்ந்தபடி.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது பெரினுக்குப் போகும், பெரின் அழுவாள், அவள் அழுதால் அந்தப் பையனுக்குத் தெரியும், அவன் வழியாக நீதிபதிக்கும். புகை ஆசை விடவில்லை என்று உஸ்தா பழியைத் தானே ஏற்றுக்கொண்டார். மெலாஹத் பால்கனிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதன்பின் ஒரு வாரம் வீட்டில் பேச்சும் இல்லை, உப்பும் இல்லை, வேகவைத்த கீரைதான்.

சுங்கான் உஸ்தாவின் கோட்டுப் பையில் ஏறித் தெருமுனைக் காபிக் கடைக்குப் போனது. ஜெர்மன்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார், பழசு போலத் தெரிய வேண்டுமாம், ஆளுக்குக் கொஞ்சம் குடித்துத் தாருங்கள் என்று அங்கே இருந்தவர்களிடம் சொன்னார் உஸ்தா. இலவசப் புகையிலை என்றதும் கடைக்கு வெளியே பந்தலடியில் ஏழு பேர் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். முறை வைத்து, பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். பத்து வருஷம் முன்பு புகையை விட்டவர்கள்கூடப் பெயர் கொடுத்தார்கள். இதைக் கேள்விப்பட்டுக் கண்டிக்க வந்த சுகாதார நிலைய டாக்டர், சோதித்துப் பார்ப்பதற்காக இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, மறுநாள் எட்டாவது பெயராகச் சேர்ந்தார்.

கசாப்புக்காரர் உலை ஊதுவதுபோல ஊதினார். பள்ளி வாத்தியார் பேசிக்கொண்டே நாலு தரம் அணையவிட்டார். ஐந்தாம் நாள் சுங்கானின் விளிம்பு கரி, ஒரு பக்கம் ஊதா, மறுபக்கம் இன்னும் வெள்ளை. யார் கெடுத்தது என்பதில் இருபது வருஷ நண்பர்கள் இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பதினைந்து நாள்தான் பாக்கி. உஸ்தா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

கடையில் தேநீர் போடும் துர்சுன் இத்தனை நாளும் ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவர். வெகுகாலம் நீதிமன்றத்தில் தேநீர் போட்டவர்; பேசாமல் இருக்க அங்கேதான் பழகியிருக்க வேண்டும். கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"குடுங்க இங்க. இப்படி ஆளாளுக்கு ஊதினா சுட்ட கத்திரிக்காதான் கிடைக்கும் உஸ்தா. மேல தேச்சு, தேன்மெழுகுல ஒரு முக்கு முக்கிக் குடுங்க. அப்புறம் வேற எவனும் தொடக்கூடாது."

உஸ்தா தேய்த்து, மெழுகில் முக்கிக் கொடுத்தார். துர்சுன் வாயின் இடது ஓரத்தில் வைத்தார். வைத்தவர் ஒரு கணம் நின்றார்.

"அட, பல்லு தானா போய் உக்காருதே. ஜெர்மன்காரருக்கும் எனக்கும் ஒரே வாய் போலிருக்கு."

அதற்கப்புறம் அவர் குடித்த அழகைப் பார்க்க வேண்டும். அரைக் கிண்ணம் புகையிலைதான், மெதுவாகத்தான், கல்லில் விரல் படாமல்தான். காலையில் கடை திறந்ததிலிருந்து மாலைவரை, தேநீர் ஊற்றும்போதும் கணக்கு வாங்கும்போதும் அது வாயில் இருந்தது. சனிக்கிழமை அவர் திருப்பிக் கொடுத்ததைப் பையிலிருந்த உடைந்த துண்டோடு சேர்த்து வைத்துப் பார்த்த உஸ்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே தேன் நிறம். கழுத்துக்குக் கீழே கொஞ்சம் கருத்துத் தெரியும் அந்த நிழல்கூட அப்படியே இருந்தது. துர்சுனைக் கட்டிக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நீதிபதி பூங்கொத்தும் வெள்ளித் தட்டில் சாக்லேட்டுமாகக் குடும்பத்தோடு வந்தார். கடையிலிருந்து நாற்காலிகளும் வெந்நீர்ச் சமோவரும் கொண்டுவந்த துர்சுன் அடுக்களையில் தேநீரைக் கவனித்துக்கொண்டார். பெரின் காபி கொண்டுவந்தாள். மாப்பிள்ளை தன் கோப்பையில், பொறுமையைச் சோதிக்கும் வழக்கப்படி, அவள் போட்டிருந்த உப்பை முகம் சுளிக்காமல் விழுங்கினான். இனி நீதிபதி முறைப்படி பெண் கேட்க வேண்டியதுதான் பாக்கி. அவரோ தொண்டையைச் செருமிக்கொண்டு, முதலில் என் சுங்கானைப் பார்ப்போம் என்றார்.

வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். திருப்பிப் பார்த்தார், கட்டைவிரலால் தடவினார், கண்ணருகே கொண்டுபோனார். பெரின் கையிலிருந்த காலித் தட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்த உஸ்தா, கேட்டால் உண்மையைச் சொல்லி நீதிபதி காலில் விழுந்துவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டார்.

"கண்ணைக் கட்டிவிட்டாலும் இதை நான் அடையாளம் சொல்வேன்," என்றார் நீதிபதி, சபையைப் பார்த்துத் திரும்பி. "இந்தக் கீழ் நிழல் தெரியுதா? ஒரு கொலை வழக்கு விசாரிச்ச குளிர்காலம் அது. தூங்காம குடிச்சேன். இந்த முப்பது வருஷத்தை வேற எவனும் செஞ்சுட முடியாது."

சொல்லிவிட்டு வழக்கம்போலப் பற்றவைக்காமல் வாயில் வைத்தார். வைத்ததும் இருமல் பிடித்துக்கொண்டது. இருமி இருமிக் கண்ணில் நீர் கொட்டியது. பழைய நினைவு, பாவம், என்று மெலாஹத்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நீதிபதி கைக்குட்டையால் வாயைப் பொத்தியபடியே, அல்லாவின் ஆணைப்படியும் நபியின் சொற்படியும் உங்கள் மகளை எங்கள் மகனுக்குக் கேட்கிறோம் என்றார். இருவர் விரலிலும் போட்ட மோதிரங்களை இணைத்த சிவப்பு நாடாவை அவரே கத்தரித்தார். எல்லோரும் கைதட்டினார்கள்.

உஸ்தா மட்டும் மெல்ல அடுக்களைக்குள் நழுவினார். காரியம் முடிந்த சந்தோஷத்தைவிட மனசாட்சி அதிகமாகக் குத்தியது. துர்சுனின் காதோரம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். ஜெர்மன்காரர் என்று எவருமே இல்லை, உடைந்தது நீதிபதியுடைய சுங்கான், இப்போது அவர் கையில் இருப்பது நீ குடித்தது, ஒரு பெரிய மனுஷனின் முப்பது வருஷத்தை இப்படி ஏமாற்றிவிட்டோமே என்று புலம்பினார்.

துர்சுன் கிளாஸ்களை வரிசையாக வைத்துத் தேநீர் ஊற்றி முடித்தார்.

"அந்தப் பல் தடத்துலயே சந்தேகப்பட்டேன் உஸ்தா. பழசையும் கோர்ட்டுல இருந்தப்ப, ஒரே குளிர்காலத்துல, நான்தான் குடிச்சுக் குடுத்தேன். நீதிபதி ஐயாவுக்குப் புகைன்னாலே ஒத்துக்காது."