கடல்காரன் கை

சூடு காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் முதலாளி ஆத்தப்பன் ஜெனரேட்டரை நிறுத்தினார். பனியன் கம்பெனி மொத்தமும் அப்படியே நின்றது. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள். மின்சாரம் வர மாலையாகும். சரக்கு அதற்குள் லாரி ஏற வேண்டும்.

ஜெனரேட்டரைச் சுழற்றுவது ஒரு பழைய விசைப்படகின் இஞ்சின். மலிவு என்று கடற்கரையிலிருந்து ஆத்தப்பன் ஏற்றி வந்தது. ரேடியேட்டர் கிடையாது. பக்கத்தில் கூரை மழைநீர் சேரும் தொட்டியின் தண்ணீரை உறிஞ்சி, சூடாக்கி, தொட்டிக்கே துப்பும்.

"மெக்கானிக் இதப் பாத்துட்டுக் கும்புடு போட்டுட்டுப் போயிட்டானுங்க. ஏனுங்க சோணைமுத்து, நீங்க தூத்துக்குடிதானுங்களே?"

அயர்ன் மேசையிலிருந்து சோணைமுத்து நிமிர்ந்தார். "ஆமா மொதலாளி. தூத்துக்குடி மாவட்டம்."

"கடல்காரரு நம்மகிட்டயே இருக்கறப்ப எதுக்குங்க மெக்கானிக்கு? இத ஓட வெச்சுட்டீங்கன்னா இனி நீங்கதான் ஆபரேட்டரு. சேர் போட்டு உக்காந்துக்கலாம்."

வருடக்கணக்காக நின்றே தேய்த்த முழங்கால்கள் சேர் என்ற சொல்லை நன்றாகக் கேட்டன.

"போட் இஞ்சினுக்குப் பச்சத்தண்ணி வேணும்" என்றார் சோணைமுத்து. மாடித் தொட்டிக் குழாயை இஞ்சின் தொட்டிக்குத் திருப்பினார். முள் இறங்கியது. ஆத்தப்பன் மீசையைத் தடவினார்.

கொஞ்ச நேரத்தில் செக்கிங் பிரிவு ரோஸ்மேரி வந்து நின்றாள். "அண்ணே, பாத்ரூம்ல சொட்டுத் தண்ணி இல்ல. நாங்கல்லாம் கடலுக்கா போவோம்?"

குழாயை மூடினார். முள் மறுபடி ஏறியது.

தொட்டியில் பஞ்சு மிதப்பதைப் பார்த்தார். "தூசிதான் குத்தவாளி." உறிஞ்சு குழாயின் வாய்க்கு ஒரு பனியன் துணியைக் கட்டினார். இஞ்சின் துணியையும் உறிஞ்சி விழுங்கியது. தண்ணீர் நின்றது. முள் சிவப்பைத் தாண்ட, ஆத்தப்பன் ஓடிப்போய் நிறுத்தினார்.

"ஏனுங்க, கடல்ல இப்பிடித்தான் பண்ணுவீங்களா?"

"கடல்ல இதவிட மோசம் மொதலாளி."

கம்பியை வளைத்துக் குழாய்க்குள் விட்டு இழுத்தார். துணி வந்தது. அதன் பின்னாலேயே பூனைக்குட்டி அளவுக்குப் பழைய பஞ்சு உருண்டையும் வந்தது.

மறுபடி ஓட்டினார்கள். அடைப்பு போன வேகத்தில், வெந்நீர் துப்பும் வெளிக்குழாய் தொட்டியைவிட்டுத் துள்ளிப் பீய்ச்சியது. பிடிக்கப் போன சோணைமுத்து, கை சுட்டதும் தூக்கி எறிந்தார். குழாய் தையல் ஷெட்டின் கூரை மேல் போய் விழுந்தது.

தண்ணீர் கூரைத் தகடு முழுக்கப் பரவியது. ஆடிக்காற்று அதன் மேல் அடித்தது. மழைநீர்க் குழாய் வழியே இறங்கித் தொட்டிக்குத் திரும்பியபோது ஆறிப்போயிருந்தது. முள் பச்சையில் நின்றது. நின்றுகொண்டே இருந்தது.

"அப்படியே விடுங்க" என்றார் சோணைமுத்து, கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு. "அதுக்குத்தான் போட்டேன்."

தையல் மெஷின்கள் ஓடின. உள்ளே வெக்கை குறைந்ததென்று டெய்லர்கள் பாட்டே பாடினார்கள். வெளிச்சம் இருக்கும்போதே லாரி கிளம்பியது. ஆத்தப்பன் தன் அறையிலிருந்த சுழல் நாற்காலியைத் தானே உருட்டி வந்து இஞ்சின் அருகே போட்டார். சோணைமுத்து உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றியும் பார்த்தார்.

கூட்டத்தில் நூல் பிசிறு வெட்டும் மூக்கம்மாளும் நின்றிருந்தாள், சோணைமுத்துவின் மனைவி.

"ஏனம்மிணி" என்றார் ஆத்தப்பன், "உங்க ஊட்டுக்காரரு கடல்ல எத்தன வருசமுங்க இருந்தாரு?"

"கடல்லயா?" என்றாள் மூக்கம்மாள். "எங்களுது கோவில்பட்டிப் பக்கம் கரிசக்காடு மொதலாளி. இவுக கடலப் பாத்ததே போன மாசம் திருச்செந்தூர்லதான், அதுவும் கால நனைக்கப் பயந்து என் சேலையப் புடிச்சிட்டே நின்னாக."