வாயை அறுக்கலாமா, வேண்டாமா?

உலகத்தில் முடிவு எடுப்பவர்கள் உண்டு. எடுத்த முடிவை மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. மூன்றாவதாக ஓர் இனம் உண்டு. அவர்களுக்கு 'என்ன செய்யலாம்'காரர்கள் என்று நான் பெயர் வைத்திருக்கிறேன். பழைய பொருள் ஒன்றை ஆசை ஆசையாக வாங்கிவந்து, அதைப் புதுப்பிப்பதா, அப்படியே காப்பாற்றுவதா என்று ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டு, அத்தனை பேர் சொன்னதற்கும் பலமாகத் தலையாட்டிவிட்டு, கடைசிவரை ஒன்றும் செய்யாமல் இருப்பவர்கள். நேரில் பார்க்கவேண்டுமா? முகவரி தருகிறேன். என் வீட்டு முகவரிதான்.

என்னிடம் இருப்பது ஒரு பிரெஞ்சு ஹார்ன். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைப் பித்தளையில் செய்து, வட்டமாகச் சுருட்டி, ஒரு முனையில் பெரிய புனலைப் பொருத்தினால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கும். அந்தப் புனலை நாங்கள் வாய் என்போம். வலது கையை வாய்க்குள் நுழைத்துக்கொண்டு மறுமுனையில் ஊதவேண்டும். என் ஹார்னுக்கு வயது எண்பது. முன்னால் ஊதியவர்களின் கை பட்டுப் பட்டு, வாயின் உட்புறத்தில் மெருகு போய்ப் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறது. உடம்பில் பதினோரு ஒடுக்குகள். எண்ணிக்கை எப்படி இவ்வளவு துல்லியம் என்கிறீர்களா? நான் சர்வே ஆபீசில் வரைபடம் போடுகிறவன். ஹார்னை மூன்று கோணத்தில் வரைந்து, ஒடுக்குகளுக்கு ஒன்றிலிருந்து பதினொன்றுவரை எண் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். மாடியில் ஓர் அறை கட்ட வரைபடம் போடச் சொல்லி மனைவி கேட்டு ஐந்து வருஷமாகிறது.

மோட்டார் சைக்கிளைப் பிரித்து மாட்டுவதில் கெட்டிக்காரனான என் மச்சினன் ஒருநாள் ஹார்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மாமா, ஒடுக்கெல்லாம் எடுத்துட்டு, வாயை அறுத்துத் திருகு வச்சிடலாம். வேணுங்கறப்போ கழட்டி மாட்டிக்கலாம். பெட்டியும் பாதியாயிடும்."

"யாரு வாயைடா அறுக்கப் போறீங்க? என்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லுங்க" என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல் வந்தது.

எண்பது வருஷ வரலாற்றில் ரம்பத்தை வைப்பதா என்று நான் கொதித்துப் போனேன். அடுத்த வாரமே, மியூசியத்தில் வேலை பார்க்கும் பெரியப்பா மகனைப் பார்த்தேன். "கையுறை இல்லாம தொடாதே. ஒரு பொட்டுக்கூட மாத்தாதே" என்றார். உடனே எனக்கு மச்சினன் சொன்னதில் நியாயம் தெரிந்தது. மாற்றச் சொல்கிறவரிடம் பழமைவாதி, காப்பாற்றச் சொல்கிறவரிடம் புரட்சிக்காரன். எங்கள் இனத்துக்கு இதுதான் இலக்கணம்.

"அது வரலாறு இல்லீங்க, களிம்பு. நல்லாத் தேய்ச்சாப் போயிடும்" என்பாள் மனைவி. அந்தக் களிம்பு பட்டு என் கையில் அரிப்பு வந்தது. டாக்டர் தடவச் சொல்லி ஒரு களிம்பு எழுதிக் கொடுத்தார். கையில் இருந்தது போயிற்று. ஹார்னில் இருந்தது பத்திரமாக இருக்கிறது. அன்றுமுதல் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டுதான் ஊதுகிறேன். அதுவும் சனிக்கிழமைகளில் மட்டும். தினமும் ஊதினால் தேய்ந்துவிடாதா?

சனிக்கிழமை சாயங்காலம் தபால் ஆபீஸ் மாடியில் எங்கள் பேண்ட் குழு கூடும். இந்த வருஷம் ஆண்டு விழாவுக்கு எடுத்த இசையில் ஹார்னுக்கு மட்டும் எட்டு வரி தனியாக வருகிறது. ஏழு வருஷமாக, மற்றவர்கள் தனியாக வாசிக்கும்போதெல்லாம் என் முறை எப்போது என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். அந்த எட்டு வரி எனக்கு வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மிகவும் வேண்டும்.

ஆனால் நான்காவது சுரத்தில் ஹார்ன் பிசிறும். நான் அதைக் குற்றவாளியைப் போல முறைத்துப் பார்ப்பேன். "பழசு, பாவம்" என்று பக்கத்தில் இருப்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். ஏழாவது தடவையும் பிசிறியபோது பேண்ட் மாஸ்டர் குச்சியைக் கீழே வைத்தார்.

"சார், பத்து நாள் டைம். அதை ரிப்பேர் பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா எட்டு வரியையும் பல் டாக்டரம்மாவுக்குக் குடுத்துடறேன்."

பல் டாக்டரம்மா எனக்குப் பக்கத்து நாற்காலி, அவரும் ஹார்ன்தான். குழுவில் சேர்ந்து இரண்டே வருஷம். எனக்கு ஏழு.

மறுநாளே வரைபடங்களைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் போனேன். அறுப்பதா, விடுவதா என்று அங்கேயே முடிவெடுத்துவிடுவதாகச் சபதம். அவர் வரைபடத்தைப் பிரிக்கவேயில்லை. வெறுங்கையை வாய்க்குள் விட்டார். என் இசைத்தாளைப் பார்த்து ஊதினார். எட்டு வரி. நான்காவது சுரம் வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போயிற்று.

"இதுல என்ன சார் கோளாறு?"

"ஒடுக்கு... பதினொண்ணு இருக்கு..."

"அது பாட்டுக்கு இருக்கட்டுமே. எடுத்தாலும் சத்தம் இதேதான், விட்டாலும் இதேதான். வாயை அறுக்கறதும் உங்க இஷ்டம். ஆமா, நீங்க தினம் எவ்வளவு நேரம் ஊதுவீங்க?"

பிரிக்காத வரைபடங்களை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டேன். பட்டறையில் ஈயம் உருகும் வாடை அடித்தது. ஏழு வருஷமாக நான் செய்த தப்பையெல்லாம் அந்தப் பதினோரு ஒடுக்குகள் தங்கள் தலையில் போட்டுக்கொண்டிருந்தன. இனிமேல் யார் தலையில் போடுவது?

"என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் மனைவி.

"அபூர்வமான ஹார்னாம். இனிமே கையே வைக்கக்கூடாதாம்."

"அப்ப அந்த எட்டு வரி?"

"டாக்டரம்மா வாசிக்கட்டும். ஹார்னோட உடம்புதான் முக்கியம்."

அவள் என் கையுறையை எடுத்துத் துவைக்கப் போட்டாள். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்.

விழாவில் டாக்டரம்மா பிசிறில்லாமல் வாசித்தார். பழம்பொருளுக்காகத் தன் வாய்ப்பையே விட்டுக்கொடுத்த பெரிய மனசுக்காரர் என்று எனக்கும் தனியாகக் கைதட்டினார்கள். எழுந்து கும்பிட்டேன். குனிந்த தலையை நிமிர்த்தவில்லை; அடக்கத்தால் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் வீட்டுப் பரணிலும் ஒன்று இருக்குமே? நல்ல ஆள் கிடைத்ததும் சரிசெய்துகொண்டு ஆரம்பிக்கலாம் என்று வைத்திருக்கிற கேமராவோ, தையல் மிஷினோ, வயலினோ? மாற்றலாமா, அப்படியே வைக்கலாமா என்று இன்னும் நாலு பேரைக் கேளுங்கள், தப்பில்லை. அதை வைத்து வேலை செய்யத் தெரிந்த ஒருவர் கையில் மட்டும் தவறிக்கூடக் கொடுத்துவிடாதீர்கள்.