நேரலையில் நடந்த என் எழவு

தன் சாவுக்கு யார் யார் வருவார்கள், யார் எவ்வளவு அழுவார்கள் என்று தெரிந்துகொள்ளும் ஆசை எல்லோருக்கும் உள்ளூர உண்டு. எனக்கு அது நிறைவேறியிருக்கிறது. பட்டவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த ஆசையை உள்ளூரவே வைத்துக்கொள்வது நல்லது.

அப்போது நான் திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்தேன். (வெளிநாட்டு வியாபாரிக்கும் தையல் பிரிவுக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம்.) ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தில் மட்டும் நான் வேறு ஆள். வெளிநாட்டுத் தமிழர்கள் சிலர் சேர்ந்து நடத்திய இணையத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியர். டொரோண்டோவில் ஒரு பல் மருத்துவர், ஓஸ்லோவில் ஒரு அக்காவும் தம்பியும், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓய்வுபெற்ற ரயில்வே பெரியவர் ஒருவர் என்று மாணவர்கள் திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் உட்கார்ந்திருப்பார்கள். தாத்தா காலத்தில் கைவிட்டுப் போன மொழியை எழுத்துக் கூட்டித் திரும்பப் பிடிக்க முயல்கிறவர்கள். அவர்கள் "வணக்கம் ஐயா" என்று சொல்லும்போது எனக்கு உடம்பு ஒரு சுற்றுப் பெருக்கும்.

அந்தப் பள்ளியோடு ஒரு மின்காப்பகமும் இருந்தது. தாலாட்டு, விடுகதை, வசவு, சந்தைக் கூப்பாடு என்று மக்கள் வாயில் புழங்கும் தமிழை ஒலியாகப் பதிந்து, விளக்கத்தோடு ஏற்றி வைப்பார்கள். இந்தப் பக்கத்துக்கு நான்தான் பதிவாளர். பதவி வந்ததும் பைத்தியமும் வந்துவிட்டது. சட்டையில் குத்துகிற மைக் ஒன்று வாங்கினேன். யார் வாயைத் திறந்தாலும் "இதை ஆவணப்படுத்தணும்" என்பேன். ரசம் தாளிக்கிற சத்தத்தைக்கூட ஒருநாள் பதிந்துவிட்டேன்.

"என்னைய மொதல்ல ஆவணப்படுத்துங்க. கல்யாண ஆல்பத்தவுட்டா இந்த ஊட்டுல எம்பட போட்டோ ஒண்ணு இல்லீங்க" என்றாள் என் மனைவி கவிதா. அப்போது அது எனக்கு உறைக்கவில்லை.

எங்கள் பள்ளியின் ஒருங்கிணைப்பாளர் மாலதி அம்மா, டொரோண்டோவில் இருப்பவர். "அடுத்த பாடம் ஒப்பாரி. புத்தகத்தில் இருப்பதை நான் படித்துக் காட்டிவிடுவேன். ஆனால் பாடிக் கேட்க வேண்டும், பிரபு. நேரலையிலேயே நடத்த முடியுமா?" என்று கேட்டார். முடியாது என்று சொல்லத் தெரியாத வயது.

எங்கள் கம்பெனியில் செக்கிங் பிரிவில் பேச்சியம்மாள் அக்கா இருந்தார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர், கல்யாணமாகி இங்கே பிழைக்க வந்தவர். ஊரில் ஒப்பாரி என்றால் அவரைத்தான் முதலில் கூப்பிடுவார்களாம். கேண்டீனில் போய்க் கேட்டேன்.

"சும்மா இருக்கையில எப்படி சார் அழ முடியும்? யாராச்சும் சாவணும்லா?" என்றார்.

"ஒரு பாட்டு மாதிரி நினைச்சுப் பாடுங்கக்கா. உலகம் பூராக் கேப்பாங்க."

உலகத்தைப் பற்றி அக்காவுக்குப் பெரிதாக அபிப்பிராயம் இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த அவருடைய தோழி செல்விக்கு இருந்தது. "யக்கா, வா போவோம். வீடியோவுல வருவோம்லா" என்று அவர்தான் சம்மதிக்க வைத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் வீட்டில் யாரும் இல்லை. அம்மாவும் கவிதாவும் சொந்தக்காரர்களோடு வேனில் பெருமாநல்லூருக்குக் காதுகுத்துக்குப் போயிருந்தார்கள். எங்கள் வீடு திருப்பூரில் மண்ணரை என்ற பகுதியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. சுற்றிலும் வாரம் முழுக்கத் தையல் மெஷின் சத்தம்தான். அன்று மட்டும்தான் சந்து அமைதியாக இருக்கும். மின்விசிறி சத்தம் பதிவில் விழும் என்று அதை அணைத்தேன். வேர்த்துக் கொட்டியது. ஜன்னலைத் திறந்து வைத்தேன். செல்போனை ஒலிப்பதிவுக்கு வைத்து, இடையில் யாரும் கூப்பிடக் கூடாதென்று ஏரோப்ளேன் மோடில் போட்டேன். இந்த ஏற்பாடுகளையெல்லாம் அப்போது நான் மிகவும் மெச்சிக்கொண்டேன்.

மடிக்கணினியில் மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். பேச்சியம்மாள் அக்காவும் செல்வியும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். எதிரே ஒரு தலையணையைப் போட்டு, "இதை ஆளாக நினைச்சுக்குங்க" என்றேன். செல்விக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவுக்கும் வந்தது. திரையில் ஓஸ்லோ தம்பியும் சிரித்தான்.

"தலவாணியப் பாத்து அழ வராது சார்" என்றார் அக்கா.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நானே படுத்துவிட்டேன். வெள்ளை வேட்டி ஏற்கெனவே கட்டியிருந்தேன். மைக்கை நெஞ்சில் குத்திக்கொண்டேன். என் பழைய பதிவுகளில் எல்லாம் நடுநடுவே நான் "ம்... ம்..." என்று உறுமுவது கேட்பதாக மாலதி அம்மா குறைப்பட்டிருந்தார். இன்றைக்கு வாயே திறப்பதில்லை என்று கண்ணை மூடிக்கொண்டேன். செல்விக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. முறை தெரிந்தவர், கையோடு கொண்டு வந்திருந்த பனியன் துணிக் கிழிசலால் என் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டினார். கச்சிதமான வேலை. ஏற்றுமதித் தரம்.

பேச்சியம்மாள் அக்கா செல்வியின் தோளைக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தார். முதலில் நான் எதிர்பார்த்த மாதிரி, ராசா, தேரு, தெருவிளக்கு என்று பொதுவாகத்தான் போனது. நான் மனதுக்குள் விளக்கக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். திடீரென்று குரல் உடைந்தது. பிறகு வேறொரு பாட்டு வந்தது.

"பஸ்ஸு ஓடலையே எம்மா – நான்
பாதை கடக்கலையே
போனு வெளிச்சத்துல எம்மா – நீ
போறதப் பாத்தேனே
காலத் தொட வந்த கையி – வெறுங்
கண்ணாடியத் தொட்டதம்மா"

எனக்குக் குறிப்பு நின்றுபோனது. ஊரடங்குக் காலத்தில் அக்காவின் அம்மா ஊரில் இறந்துபோனதும், அக்காவால் போக முடியாமல் போனதும் கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்த செய்திதான். தம்பி மகன் வீடியோவில் காட்ட, கம்பெனிக் குடியிருப்பின் ஒற்றை அறையில் நின்று பார்த்தாராம். பாடை தெருமுனை திரும்புவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டதாம். அதற்குப் பிறகு அவர் அழவே இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரியாது. யாரைக் கட்டிக்கொண்டு அழுவது? அப்போது பக்கத்து அறைக்காரர்கூடக் கிட்டே வரவில்லை. அந்த அழுகை இத்தனை நாள் கழித்து என் வீட்டுக் கூடத்தில், என் தலைமாட்டில், வெளியே வந்துகொண்டிருந்தது. மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். பதிவுக்காக இல்லை.

இந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுப் பழனிசாமி அண்ணன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார். நான்கைந்து மெஷின் போட்டுத் தைத்துக் கொடுப்பவர், நிதானமான மனிதர். அவர் பார்த்தது இதுதான்: வெள்ளை வேட்டியில் நான், கட்டிய கால், கதறுகிற பெண்கள். நிதானமான மனிதர் செய்யவேண்டியதைச் செய்தார். என் போனுக்கு அடித்துப் பார்த்தார். அணைத்து வைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. உடனே என் அம்மாவைக் கூப்பிட்டார்.

"ஏனுங்கம்மா... எங்கிருந்தாலும் பொறப்பட்டு வாங்க. வேறொண்ணும் கேக்காதீங்க."

அக்கம்பக்கத்துப் பெண்கள் உள்ளே வந்தார்கள். அழுகைச் சத்தம் கேட்ட வீட்டில் கேள்வி கேட்டுக்கொண்டு நிற்கிற வழக்கம் இல்லை. உட்கார்ந்தார்கள், அக்காவின் தோளைப் பிடித்தார்கள், அவரவர் இழந்தவர்களை நினைத்து அழ ஆரம்பித்தார்கள். செல்வியும் அதற்குள் அக்காவோடு சேர்ந்து கதறிக்கொண்டிருந்ததால் விளக்கம் சொல்ல ஆளில்லை. யாரோ என் பாதத்தைத் தொட்டார்கள்.

"சூடுகூட ஆறுல... பாவம், இப்பத்தான் போயிருக்குது."

"போன வாரங்கூட தண்ணி மோட்டாருக்கு எங்கூடச் சண்டை கட்டுனானுங்க" என்றது பழனிசாமி அண்ணன் குரல். "வாய் கொஞ்சம் ஜாஸ்தி. மத்தபடி தங்கமான பையன்."

எழுந்து உட்கார்ந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். எல்லோரும் கேட்டுவிட்டார்கள். ஆரம்பத்தில் எழுந்திருந்தால் அக்காவின் அழுகை அறுபட்டிருக்கும். அதற்கு எனக்கு மனம் வரவில்லை. பிறகு கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு கூடம் நிறைய ஆட்கள் நமக்காக அழும்போது எழுந்திருக்கத் தனித் துணிச்சல் வேண்டும். இதோ இந்த அடி முடியட்டும், அடுத்த அடி முடியட்டும் என்று படுத்தே கிடந்தேன். நேரம் போகப் போக உயிரோடு இருப்பது பெரிய குற்றமாகிக்கொண்டே வந்தது.

மடிக்கணினியில் ஓஸ்லோ தம்பியின் குரல் கேட்டது. "டீச்சர் நிஜமா செத்துட்டாரா?"

"இல்லை கண்ணா, இது செய்முறை விளக்கம்" என்றார் மாலதி அம்மா. பழனிசாமி அண்ணன் வாங்கி வரச்சொன்ன ரோஜா மாலை அந்த நேரம் உள்ளே வந்திருக்க வேண்டும். மாலதி அம்மாவின் குரல் மாறியது. "பிரபு? பிரபு, கேட்கிறதா?" டர்பன் பெரியவர் எழுந்து நின்று தொப்பியைக் கழற்றிவிட்டார் என்று பிறகு சொன்னார்கள்.

வாசலில் வேன் வந்து நின்றது. காதுகுத்துக்குப் போன வேன் அப்படியே எழவு வேனாகத் திரும்பியிருந்தது.

"எஞ்சாமீ... எந்தங்கமே... பிரபூ... என்னையத் தனியா உட்டுப்போட்டுப் போயிட்டியா கண்ணூ..."

அம்மாவின் குரல். அதற்கு மேல் படுத்திருக்க என்னால் முடியவில்லை. "அம்மா, நான் இருக்கேன்!" என்று துள்ளி எழுந்தேன். கால் விரல்களைக் கட்டியிருப்பது நினைவில் இல்லை. எழுந்த வேகத்தில் நேராக முன்னால் சாய்ந்து, மாலையோடு குனிந்த பழனிசாமி அண்ணன் மேல் விழுந்தேன். நிதானமான மனிதர் அன்றைக்குப் போட்ட கூச்சலும் பதிவில் இருக்கிறது. பாதிக் கூட்டம் சந்துமுனை வரை ஓடிவிட்டது. கவிதா வாசற்படியிலேயே பட்டுச் சேலையோடு உட்கார்ந்துவிட்டாள். அழவும் இல்லை, திட்டவும் இல்லை, வெறுமனே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மா கிட்டே வந்து என் முகத்தைத் தடவிப் பார்த்தார். உயிர் இருப்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு அறைந்தார். நான் மெர்ச்சண்டைசர், பதிவாளர், வெளிநாட்டு மாணவர்கள் பார்க்கிறார்கள் என்பதெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவில்லை.

இவ்வளவுக்கும் நடுவில் பேச்சியம்மாள் அக்கா தலையே நிமிரவில்லை. அழுதுகொண்டேயிருந்தார். மறுபடி கை ஓங்கிய அம்மா அதைப் பார்த்து நின்றார்.

"யாருக்குத் தாயி அழுவற? இவந்தான் சாவுலயே."

"எங்க அம்மைக்குங்க" என்றார் அக்கா. பிறகு திக்கித் திக்கிச் சொன்னார், பஸ் ஓடாதது, வீடியோ, தெருமுனை. கடைசியில் என்னைப் பார்த்து, "தப்பா நெனைக்காதீய சார். உங்களுக்குத்தான் அழ வந்தேன். அவ வந்துட்டா" என்றார்.

அம்மா அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். "அழுது தீத்துப்போடு சாமி." அம்மாவும் அழுதார். பெருமாநல்லூரிலிருந்து வரும் வழியெல்லாம் அடக்கி வைத்திருந்த அழுகை, எனக்குத் தேவைப்படாமல் போனது, அந்தக் கோவில்பட்டித் தாய்க்குப் போய்ச் சேர்ந்தது. ஓடிப்போன பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்து மறுபடி உட்கார்ந்தார்கள்.

அக்காவின் செல்போனில் அவர் அம்மாவின் படம் ஒன்று இருந்தது. செல்வி அதைச் சுவரில் சாய்த்து வைத்தார். பழனிசாமி அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டே வந்து, எனக்கு வாங்கிய மாலையைச் சுற்றி வைத்தார். மாலை பெரிது, போன் சின்னது. முகம் மட்டும் தெரிந்தது. அதுவும் கொஞ்ச நேரத்தில் அணைந்துபோகும். அக்கா விரலால் தொடுவார். முகம் திரும்ப வரும்.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. "எழவுன்னு வந்தாச்சு, தலை முழுவாம ஊட்டுக்குள்ள போவ முடியாதுங்க" என்று பழனிசாமி அண்ணன் நியாயம் எடுத்தார். வந்தவர்கள் எல்லோரும் எங்கள் வீட்டுக் கொல்லையில் வரிசையாக நின்று குளித்தார்கள். தொட்டி காலி. அடுத்து எப்போது நல்ல தண்ணீர் விடுவார்கள் என்று தெரியாத கோடை அது. மாணவர்களை நான் மறந்தே போயிருந்தேன். கணினியை மூடப் போனால் எல்லாக் கட்டங்களிலும் ஆட்கள் இருந்தார்கள். யாரும் போகவில்லை. டர்பன் பெரியவர் மட்டும், தான் அதுவரை எழுதிப் படித்துப் பழகிய தமிழில், "அம்மாவுக்கு... என் வருத்தம்... சொல்லுங்கள்" என்றார்.

மாலதி அம்மா மறுநாளே எழுதினார். பதிவை அழித்துவிடலாம், பேச்சியம்மாள் விருப்பம்தான் முடிவு என்று. கேண்டீனில் அக்காவின் காதில் ஹெட்போனை மாட்டினேன். முழுவதும் கேட்டார். டீ ஆறிப்போனது.

"வெட்டாதீய சார். அப்படியே போடுங்க. எம் பேரு வேண்டாம், எங்கம்மா பேரு மாடத்தி, அதப் போடுங்க. அவளுக்கு ஒரு எடத்துலயும் பேரு எழுதல." ஊரில் இருக்கிற தம்பிக்கு அனுப்பவும் ஒரு பிரதி வாங்கிக்கொண்டார்.

இப்போது அந்தக் காப்பகத்தில் மாடத்தியின் பெயரில் ஒரு பக்கம் இருக்கிறது. ஒப்பாரிப் பாடம் எடுக்கிறவர்கள் மாணவர்களுக்கு அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். கடைசிப் பகுதியில் ஒரு பெண் தன் மகனைப் பெயர் சொல்லிக் கூவுவது கேட்கும். விளக்கக் குறிப்பில் 'கொங்கு வழக்கு' என்று மட்டும் போட்டிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் விசேஷம் என்று நாலு பேர் கூடிவிட்டால் போதும், யாராவது போனில் அந்தப் பதிவைப் போட்டுவிடுவார்கள். அம்மா என்னை "டேய் தண்டம்" என்று கூப்பிடும்போதெல்லாம் கவிதா விடமாட்டாள்.

"ஏனுங்க அத்தை, இணையத்துல இருக்கறாப்புல ஒருக்கா எஞ்சாமீ, தங்கமேன்னு கூப்புடுங்களே பாப்போம்."

"அப்படிக் கூப்புடோணும்னா அவன் மறுக்காப் படுக்கோணும்" என்பார் அம்மா.

எல்லோரும் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பார். சிரித்துக்கொண்டே கையை நீட்டி அந்த போனை அணைத்துவிடுவார்.